திறந்த மூலமும் நம் மாணவரும்



கணினி மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழும் வரலாறும் கற்ற கலைப்பட்டதாரி ஒருவன் ஒலிவாங்கியின் முன் வந்திருப்பது சிலருக்கு வியப்பாயிருக்கக் கூடும். எனக்கே அது வியப்புத்தான். கணினியில் ஒரு கட்டளையேனும் எழுத அறியேன். பாடசாலையில் ஒரு சுற்றறிக்கையைத் தட்டச்சிடுவதற்கும் எழுதுவினைஞரின் உதவியை நாடுபவன் நான். ஆயினும், கடந்த சில ஆண்டுகளில் என் மாணவர் சிலரோடு உடனிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. திறந்த மூல மென்பொருள் உலகினுள் நம் பிள்ளைகள் நுழைவதற்குத் தடையாக நிற்பது கணினி அறிவுக் குறைவன்று, வேறொன்று. அந்த வேறொன்றைக் களைவதற்குக் கணினி ஆசிரியர் மட்டுமன்றி என்போன்றோரும் உதவலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். மென்பொருள் என்பது, முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய் என்று கணினிக்கு மனிதர் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதி. அக்கட்டளைகள் மனிதர் வாசித்து விளங்கத்தக்க வடிவில் இருக்கும்போது அவற்றை மூலநிரல் என்பர். விலைக்கு வாங்கும் மென்பொருள்களிற் பெரும்பாலானவற்றில் மூலநிரல் நமக்குத் தரப்படுவதில்லை. பொருள் கைக்கு வரும். அது எவ்வாறு இயங்குகின்றது என்பது மறைந்திருக்கும். திறந்த மூல மென்பொருளிலோ மூலநிரல் எல்லோர் முன்னும் வைக்கப்படுகின்றது. அதனை எவரும் எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். திறந்து பார்த்துக் கற்கலாம். தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமைகளை உரிமம் என்னும் சட்டப் பத்திரம் ஒன்று உறுதிசெய்கின்றது.

இதன் வரலாற்றில் ஒரு சிறு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1980ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பவர் பணிபுரிந்துகொண்டிருந்தார். அங்கே புதிதாக வந்த அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. பழைய பொறிக்கு அவர் முன்னரே ஓர் உபாயம் செய்திருந்தார். பொறி நின்றுவிட்டால், அச்சுக்குக் காத்திருப்போர்க்குத் தத்தம் கணினியிலேயே அறிவித்தல் கிடைக்கும். புதிய பொறிக்கும் அவ்வாறு செய்ய விரும்பி அதன் மூலநிரலைக் கேட்டபோது, எவர்க்கும் காட்டுவதில்லை என்று வாக்களித்திருப்பதாகக் கூறி அதனை வைத்திருந்தவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு அவர் மனத்தில் தைத்தது. 1983இல் அவர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொதுமக்கள் உரிமம் ஒன்றை வெளியிட்டார். பின்னர் 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் எழுதத் தொடங்கிய இயங்குதளக் கருவொன்றைப் பிறர் பார்வைக்கு வைத்து அபிப்பிராயம் கேட்டார். அதுவே லினக்ஸ். இன்று நேயர்களுட் பலரது கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் அடித்தளத்தில் இருப்பது அதுதான். மாணவர் ஒருவர் முகமறியாதாரிடம் தம் வேலையைக் காட்டி, குறை கூறுங்கள் என்று கேட்டதில் தொடங்கிய காரியம் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வெளிநாட்டுக் கதைகள் இருக்கட்டும். நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் வந்தபோது நான் கிழக்குக் கரையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். எங்கள் பாடசாலை அகதி முகாமாயிற்று. இந்த நாட்டில் மாத்திரம் ஏறத்தாழ 35,000 பேர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அந்நாள்களில் எனக்கு இடப்பட்ட பணி பெயர் எழுதுவது. முகாமில் இருப்போர் பெயரை ஒரு கடதாசியிலும், காணாமற் போனோர் பெயரை மற்றொரு கடதாசியிலும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மழை வந்து மை கரைந்தது, மறுபடியும் எழுதினோம். தாய்மார் ஒரு முகாமிலிருந்து மற்றொரு முகாமுக்கு நடந்து, சுவர் சுவராகப் பெயர் தேடினர். அடுத்த ஊர் முகாமின் பட்டியலில் யார் யார் உளர் என்பதை அறிய எங்களுக்கு வழியிருக்கவில்லை.

அதே நாள்களில் கொழும்பிலே இளம் மென்பொருளாளர் பலர், லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சூழ்ந்து ஒன்றுகூடி, இந்தத் துன்பத்துக்கே மருந்தாக ஒரு மென்பொருளை இரவு பகலாக எழுதிக்கொண்டிருந்தனர் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே எப்பொருள் தேவை என்னும் பதிவு ஆகியவற்றை ஒருங்கே கொண்ட அதற்குச் சஹன என்று பெயரிட்டனர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. அதனைத் திறந்த மூலமாகவே விட்டனர். ஆதலால் 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அந்த மென்பொருள் பயன்பட்டது. நான் முன்னே கூறிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலத் திட்ட விருதினை அதற்கு வழங்கியது. கரைந்த மையோடு சுவரருகே நின்ற எனக்கு இச்செய்தி எத்தகைய உணர்ச்சியைத் தந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கதவு திறந்திருக்கிறது, பிள்ளைகளே, உள்ளே செல்லுங்கள் என்று மாணவரை அனுப்பிவிட முடியுமா? நான் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். அதற்கு முன்னரே அக்கதவை நானே ஒருமுறை சாத்தியிருந்தேன் என்பதை ஒளியாமற் கூறவேண்டும்.

2022ஆம் ஆண்டில் எங்கள் பாடசாலையில் பதினோராந் தர மாணவனொருவன் செயற்றிட்டத்துக்காக நூலகப் பதிவேட்டு மென்பொருளொன்றைச் செய்து சமர்ப்பித்தான். நன்றாகவே வேலைசெய்தது. அதன் மூலநிரலின் தலைப்பில், இன்ன பகுதி இன்னார் எழுதியது, இன்ன உரிமத்தின் கீழ்ப் பெறப்பட்டது, இன்ன இடங்களில் என்னால் மாற்றப்பட்டது என்று ஒழுங்காக எழுதியிருந்தான். அதைக் கண்ட மதிப்பீட்டுக் குழு, பிறர் வேலையைப் பார்த்தெழுதியதைத் தானே ஒப்புக்கொண்டுள்ளான் என்று கூறிப் பூச்சியம் இட்டது. அதிபர் என்ற முறையில் நான் கையொப்பமிட்டேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மாணவர் பொதுவாக ஒன்றும் சொல்வதில்லை.

சில வாரங்களின் பின்னர் எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியை என் அறைக்கு வந்து, அந்தப் பையன் செய்ததே சரியான முறை என்று விளக்கினார். உரிமம் படியெடுப்பதை அனுமதிக்கின்றது. ஆயின், எடுத்தவர் முன்னையோர் பெயரை அழித்தல் கூடாது, தம் மாற்றத்தை மறைத்தலும் கூடாது. பையன் பெயரை அழித்திருந்தால் எங்கள் குழு முழுப்புள்ளி கொடுத்திருக்கும்! நேர்மையாய் எழுதியமையாலேயே அவனுக்குப் பூச்சியம் கிடைத்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதனை அறிவதற்கு நான் கணினி படித்திருக்க வேண்டியதில்லையே, நன்னூல் படித்திருந்தேனே! நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுத்தவர் நம் இலக்கணகாரர். வழிநூல் செய்வோன் திருடன் அல்லன். முதனூலின் முடிபை ஏற்று, தான் வேண்டிய வேறுபாட்டையும் கூறி, மரபு குன்றாமற் செல்வோன் அவன். சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, பல ஊர்களிலிருந்து ஏடுகளைப் பெற்று ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுக்கும் அந்த வேலையைத்தான் இன்று மென்பொருளாளர் கிற் என்னும் கருவியைக் கொண்டு செய்கின்றனர். அதனை ஆக்கியவரும் ரோவால்ட்ஸே, ஆண்டு 2005. யார், எந்நாளில், எந்த வரியை, என்ன காரணத்தால் மாற்றினார் என்பதெல்லாம் அதில் நிலைத்திருக்கும். ஏடு பெயர்த்தெழுதியோர்க்கு அப்படியொரு கருவி கிடைத்திருந்தால் நம் பதிப்பாசிரியர்க்கு எத்தனை இரவுகள் மிஞ்சியிருக்கும்!

பையனுடைய புள்ளியைத் திருத்தினோம். அவனை அழைத்து நான் தவறிழைத்தேன் என்று கூறினேன். பரவாயில்லை, சேர், என்றான். அதற்குப்பின் ஏறத்தாழ ஓராண்டு அவன் எவர்க்கும் தன் வேலையைக் காட்டவில்லை.

நான் தொடக்கத்திற் கூறிய வேறொன்று இதுவே. நம் பாடசாலைகளிற் பிள்ளை கற்கும் முதலாவது ஒழுக்கம் விடைத்தாளைக் கையால் மறைத்தல். அருகிலிருப்போனுக்குக் காட்டுதல் குற்றம். பிழையோடு காட்டுதல் அவமானம். பெரியோரிடம் கேள்வி கேட்டல் துடுக்கு. பரீட்சைக்கு இவை வேண்டியனவாயிருக்கலாம். நான் பரீட்சைக்குப் பகைவன் அல்லன். ஆயின், திறந்த மூல உலகின் நடைமுறை முற்றிலும் மறுதலையானது. அங்கே அரைகுறை வேலையையும் காட்டவேண்டும். முகமறியாத ஒருவர் எல்லோரும் பார்க்க அதிற் குறை சொல்வார். அதைத் திருத்தி மறுபடியும் காட்டவேண்டும். பதினொரு ஆண்டு விடைத்தாளை மறைத்துப் பழகிய கையை ஒரே நாளில் விரி என்றால் எப்படி விரியும்?

2023இல் அந்தப் பையனே ஒருநாள் என்னிடம் வந்தான். அவனுடைய தங்கை மூன்றாந் தரத்தில் படிக்கின்றாள். சிறுவர்க்கான திறந்த மூல விளையாட்டு மென்பொருளொன்றை அவளுக்காகக் கணினியில் இட்டிருந்தான். ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு, பிள்ளையை ஒழுங்காக அடுக்கச் சொல்லும் விளையாட்டு அது. ஆங்கிலச் சொல்லுக்கு நன்றாயிருந்தது. தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் விபரீதம். பந்து என்னும் சொல்லில் ப, ந், து என மூன்றெழுத்து என்பது நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும். கணினியோ ப, ந, புள்ளி, த, உகரக்குறி என்று ஐந்து துண்டுகளாகச் சிதறடித்தது. கொக்கு என்றால் ஆறு துண்டு. புள்ளி ஒரு மூலையிற் கிடக்கும். ஒகரக்குறி வெற்று வட்டமொன்றை அணைத்துக்கொண்டு மற்றொரு மூலையில் நிற்கும். தங்கை அழுதாளாம்.

காரணம் எளியது. உலக எழுத்துகள் யாவற்றுக்கும் எண் வழங்கும் யுனிகோட் முறையில், தமிழ் மெய்யெழுத்து ஓர் எண்ணன்று. அகரமேறிய ககரத்துக்கு ஓர் எண். புள்ளிக்கு ஓர் எண். உயிர்க்குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இவ்வாறு சேர்ந்து நிற்பனவற்றை ஓரெழுத்தாகக் கொள்ளவேண்டும் என்பதற்கும் யுனிகோட்டில் விதி உண்டு. மென்பொருள் எழுதியவர்க்கு அந்த விதியின் தேவை தோன்றவில்லை. அவர்மீது குற்றமில்லை, அவர் மொழியில் அத்தேவை எழுவது அரிது. ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் தேர்ந்த மென்பொருளாளர்க்குத் தெரியாத ஒன்று, எங்கள் ஊர் மூன்றாந் தரப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நம் மாணவர் அந்த உலகுக்கு எதைக் கொண்டு செல்வர் என்று கேட்போர்க்கு இதனையே விடையாகக் கூறுவேன்.

பையன் அக்குறையை அந்தத் திட்டத்தாருக்கு ஏற்கெனவே எழுதியிருந்தான். தமிழ் சரியில்லை, தயவுசெய்து உடனே திருத்தித் தரவும் என்பதே அவன் எழுதிய முழுக்கடிதம். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. இங்கே அக்குறை தென்படவில்லை, மேலும் விவரம் தந்தாற் பார்க்கலாம் என்று எழுதி, அந்த முறைப்பாட்டை முடிவுற்றதாகக் குறித்திருந்தனர். கதவைச் சாத்திப்போட்டார்கள், சேர், என்றான். அவன் என்னிடம் வந்தது உதவி கேட்டு அன்று. நான் முன்னே கூட்டத்திற் பேசிய பேச்சுப் பிழை என்று காட்டுவதற்கு.

அவன் கடிதத்தை நான் வாசித்தேன். அதில் எனக்கு விளங்காதது ஒன்றும் இல்லை, அதுவே குறை. எந்தக் கணினி, மென்பொருளின் எந்தப் பதிப்பு, என்ன சொல், எந்தப் பொத்தான், என்ன நிகழும் என எதிர்பார்த்தான், என்ன நிகழ்ந்தது, எதுவுமே இல்லை. முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கடிதம் எழுதப் பயிற்றியவன் நான். விண்ணப்பக் கடிதம், அனுதாபக் கடிதம், பத்திரிகை ஆசிரியர்க்குக் கடிதம் எல்லாம் எழுதுவித்தேன். அறியாத ஒருவர்க்கு, அவர் நேரத்தை வீணாக்காமல், கண்டதைக் கண்டவாறு எழுதும் கடிதத்தை மட்டும் எழுதுவித்ததில்லை.

நான்கு மாலைகள் என் அறையில் அமர்ந்து அக்கடிதத்தை மறுபடியும் எழுதினோம். ஆங்கில ஆசிரியர் வந்தார். மூன்றாந் தர ஆசிரியை பதினேழு சொற்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் சரியான எழுத்துப் பிரிப்பை எதிரே எழுதித் தந்தார். பையன் கணினித் திரையைப் படமெடுத்து இணைத்தான். உடனே, அவசரமாக என்ற சொற்களை நான் அடித்துவிட்டேன். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்வோர் அல்லர். பெரும்பாலும் தம் வேலை முடிந்த பின்னர் இரவில் அமர்ந்து இதைச் செய்வோர்.

இரண்டே நாளிற் பதில் வந்தது. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி. நன்றி கூறியபின் ஒரு கேள்வி கேட்டிருந்தார். தமிழிற் புள்ளி எப்போதாவது தனித்து நிற்குமா? எத்தகைய அழகான கேள்வி! தொல்காப்பியம் கற்பிக்கும் வகுப்பில் என்னிடம் எவரும் அதைக் கேட்டதில்லை. நில்லாது என்று எழுதினோம். நீங்களே திருத்த முயல்வீரா, வழிகாட்டுகிறேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதினார்.

பையன் எழுதிய முதலாவது திருத்தத்தைப் பார்த்த மூன்றாந் தர ஆசிரியை எஃகு என்னும் சொல்லை இட்டுப் பார்க்கச் சொன்னார். ஆய்தத்தையும் புள்ளியாகக் கருதி முன்னெழுத்தோடு ஒட்டிவிட்டிருந்தான்! அதைச் சரிசெய்து அனுப்பினான். திருப்பியனுப்பினர். தமிழுக்கெனத் தனி விதி எழுதவேண்டாம், யுனிகோட்டின் பொதுவிதியையே கையாண்டால் ஏனைய மொழிகளுக்கும் பயன்படும் என்றனர். இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. விதி சரி, அதனைச் சோதிக்கும் உதாரணங்கள் இல்லை என்றனர். இவ்விரண்டாம் முறையில் பையன் தளர்ந்தான். இரண்டுதரம் பெயில், சேர், என்றான். அது பெயில் அன்று, இரண்டுதரம் உன் வேலையை ஒருவர் வரிவரியாக வாசித்திருக்கிறார் என்று நான் சொன்னேன். அவன் நம்பினானோ அறியேன். ஆயினும் பதினேழு சொற்களையும் உதாரணமாகச் சேர்த்து மூன்றாம் முறை அனுப்பினான். ஏற்றுக்கொண்டனர். மொத்தம் இருபது வரிக்கு மேலிராது. பொதுவிதியைக் கையாண்டதனால் சிங்களச் சொற்களின் உயிர்க்குறிகளும் அதே நாளில் ஒழுங்காயின.

இந்த ஒரு வெற்றியைக் கொண்டு பாடசாலை முழுவதையும் திரட்டிப் போட்டியொன்று நடத்தினால் என்ன என்று எனக்கும் தோன்றியது. அதிகத் திருத்தம் அனுப்பியோர்க்குப் பரிசு, சான்றிதழ், படம்! தகவல் தொழினுட்ப ஆசிரியை தடுத்தார். 2020ஆம் ஆண்டு ஐப்பசியில் நிகழ்ந்ததை அவர் சொல்லக் கேட்டேன். திறந்த மூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோர்க்கு மேற்சட்டை பரிசளிக்கும் ஹக்ரோபர்பெஸ்ற் என்னும் விழாவை அமெரிக்க நிறுவனம் ஒன்று 2014 முதல் ஆண்டுதோறும் நடத்திவந்தது. அவ்வாண்டில் சட்டைக்காக ஆயிரக்கணக்கானோர் பொருளற்ற மாற்றங்களை அனுப்பிக் குவித்தனர். நல்ல திட்டம் என்ற சொற்களை முகப்பிற் சேர்த்தலும் ஒரு திருத்தமாம். பராமரிப்போர் குப்பை அள்ளிக் களைத்தனர். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே விழா என, விழா நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற நேர்ந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தாம் வாசித்தும் பாராமல் அனுப்புவோராற் புதியதொரு தொல்லை. கேர்ல் என்னும் மென்பொருளைப் பல்லாண்டாகப் பேணிவரும் சுவீடன் நாட்டவர் டானியல் ஸ்ரென்பேர்க் 2024இல் இதுபற்றி வெளிப்படையாகவே வருந்தி எழுதினார். இல்லாத குறையை இருப்பதாக நீண்ட கடிதங்கள் வருகின்றனவாம். ஆகவே போட்டி வேண்டாம் என்று விட்டேன். சான்றிதழ் இல்லையேல் எந்தப் பெற்றோர் அனுமதிப்பர் என்று என் பிரதி அதிபர் கேட்டார். நியாயமான கேள்விதான். வந்தவர் ஒன்பது பேரே.

அந்த ஒன்பது பேரில் ஐவர் மென்பொருள் எழுத விரும்பாதவர். அவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் திரைச் சொற்களை மொழிபெயர்ப்பதற்கென்றே தளம் இருக்கின்றது; லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளுக்கும் தமிழ் வடிவம் உண்டு. நம் நூல்களை எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பெற்றது. அதன் தளமும் மீடியாவிக்கியிலேயே இயங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் 1981இல் எரிந்த நூலகத்தை நினைப்போர்க்கு இது வெறுந் தொழினுட்பச் செய்தியன்று. ஒரு பொத்தானின் மேல் எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்று எங்கள் பிள்ளைகள் வாதிடும்போது நான் ஓரமாக அமர்ந்து கேட்பேன். அழி என்பதா, நீக்கு என்பதா? ஒருமணி நேரம் போய்விடும். அவ்வாறு வாதிட்ட பிள்ளைகள் வகுப்பிற் சொற்பொருள் வேறுபாட்டை நான் கற்பிக்கும்போதும் முன்போலத் தூங்குவதில்லை.

பல்கலைக்கழக மட்டத்தில் நம் நாட்டுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைகால மூலநிரல் திட்டம், மாணவர்க்கு உதவித்தொகை கொடுத்துத் திறந்த மூலத் திட்டங்களில் அனுபவசாலிகளின் கீழ்ப் பணிபுரியச் செய்வது. அதன் முதற் பத்தாண்டில் உலகின் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் விட மிகுதியான மாணவரை அனுப்பியது நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இதன் இரகசியம் கட்டடமோ கருவியோ அன்று. மூத்த மாணவர் இளைய மாணவரை அருகிருத்தி முதற் கடிதத்தை எழுதப் பழக்கிய வழக்கமே என்பது என் கணிப்பு. 2022 முதல் அத்திட்டம் மாணவர் அல்லாத தொடக்கநிலையாளர்க்கும் திறக்கப்பட்டுள்ளது. ஆயின் 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கென 2010 முதல் 2019 வரை நடந்த கூகிளின் மற்றொரு திட்டம் நின்றுபோயிற்று. ஆகவே 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு அந்த அருகிருத்தும் வேலையைச் செய்ய எஞ்சியிருப்போர் ஆசிரியர்களே.

பெற்றோர் அச்சம் ஒன்றுண்டு. அதைத் தட்டிக்கழித்தல் தகாது. பிள்ளை முகமறியாதாரோடு எழுதுகின்றதே என்பர். எங்கள் பாடசாலையிற் சில கட்டுப்பாடுகள் வைத்துள்ளோம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வயது, முகவரி, பாடசாலைப் பெயர், படம் எதுவும் எழுதலாகாது. பல திட்டங்களிற் புனைபெயரே போதும். எல்லாக் கடிதமும் எல்லோரும் காணத்தக்க பொது இடத்திலேயே நடைபெறல் வேண்டும். தனியாக எழுதுக என எவரேனும் அழைத்தால் உடனே ஆசிரியரிடம் காட்டவேண்டும். இணைய வசதியும் ஒரு தடைதான். எங்களிடம் வேலைசெய்யும் கணினிகள் ஆறு; அவற்றுள் மூன்று, விலைக்கு வாங்கிய இயங்குதளத்தின் புதிய பதிப்பைத் தாங்கமாட்டாமல் ஒதுக்கப்பட்டுக் கிடந்து, லினக்ஸ் இட்டபின் உயிர்பெற்றவை.

அந்தப் பையன் உயர்தரம் முடித்துவிட்டான். மூலையில் இருக்கும் கணினியின் முன் இப்போது அமர்ந்திருப்போர் மூன்று மாணவியர். அவர்கள் சென்ற மாதம் அதே விளையாட்டில் லக்ஷ்மி என்னும் பெயரை இட்டுப் பார்த்தனர். க் ஒரு துண்டு, ஷ் ஒரு துண்டு எனப் பிரிந்து வந்தது. யுனிகோட்டின் பொதுவிதி தமிழ் க்ஷகரத்தை அவ்வாறே பிரிக்கின்றதாம். முறைப்படி கடிதம் எழுதினர். பதிலும் வந்துவிட்டது. தமிழர் இதை ஓரெழுத்தாகக் கொள்வரா, ஈரெழுத்தாகக் கொள்வரா, நீங்கள் சொல்வதைச் செய்கிறோம் என்று கேட்டிருக்கின்றனர்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறை இதனால் இரண்டுபட்டுக் கிடக்கின்றது. அரிச்சுவடி அட்டையில் அது ஓரெழுத்தாகத்தானே அச்சாகியிருக்கின்றது என்கிறார் மூன்றாந் தர ஆசிரியை. இருநூற்று நாற்பத்தேழில் அதற்கு இடமே இல்லை, வேண்டுமாயிற் பிரித்தே எழுதுக என்கிறார் மூத்த தமிழாசிரியர். நானும் ஒரு கட்சி. எது என்று இங்கே சொல்லமாட்டேன். இருதரப்பு நியாயத்தையும் எழுதி, பிள்ளைகளுக்கு எது எளிதோ அதையும் சோதித்துப் பார்த்து அனுப்புவது என்று மாணவியர் முடிவுசெய்துள்ளனர். கடிதத்தின் முதற் பிரதி இன்று காலை என் மேசைக்கு வந்தது. இன்னும் நான் அதிற் சிவப்பு மை வைக்கவில்லை.